ஈர விறகும் முப்பது வீத வட்டியும்: ஒரு சின்னத் தேயிலை ஸ்டோரின் செலவுக் கணக்கு

2022 ஜூலை முதல் வாரம். இலங்கை மலைநாட்டில் புசல்லாவைப் பக்கத்தில் நான் கணக்கெழுதும் தேயிலை ஸ்டோரின் (கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையின்) முற்றத்தில் ஒரு லொறி விறகு வந்து நின்றது. இரவெல்லாம் மழை. லொறியின் பின்கதவைத் திறந்ததும் பட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அடுப்பில் நிற்கும் பெரியவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். காய்ந்த கட்டை என்றால் கணீரென்று கேட்கும். இது நனைந்த சாக்கைத் தட்டியதுபோல மொத்தென்றது. வெட்டுமுகத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

"தம்பி, இது எரியாது, அவியும். ட்ரையர் சூடு ஏறாது. தூள் கெட்டுப்போகும். முதலாளிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

முதலாளிக்கும் வேறு வழி தெரியவில்லை. "இவன் கிலோ 8 ரூபாய்க்குத் தாறான். யட்டியாந்தோட்டை ஆள் 12 கேக்கிறான், அதுவும் பாதிதான் தர முடியுமாம். நாலு ரூபா சும்மாவா?" என்று கேட்டார்.

அந்த நாலு ரூபாயைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. ஒரு தொழில் தனக்கு வேண்டிய உள்ளீடுகளை எப்படித் தெரிவுசெய்கிறது, குறைந்த செலவு என்பது உண்மையில் எதன் செலவு என்பதை உயர்தரப் பொருளியல் வகுப்பில் சமவுற்பத்தி வளையி (ஒரே அளவு உற்பத்தியைத் தரும் உள்ளீட்டுச் சேர்மானங்கள்), சமசெலவுக் கோடு (ஒரே செலவில் அடங்கும் சேர்மானங்கள்) என்று கரும்பலகையில் வரைந்து படித்தேன். அந்தப் படம் எனக்கு விளங்கியது அந்த விறகு லொறி வந்து நின்ற பிறகுதான்.

ஸ்டோரும் அதன் 32 ரூபாவும்

எங்களுடையது தோட்டக் கம்பனியின் ஸ்டோர் இல்லை. சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்கும் இடம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரும். கொழுந்து ட்ரஃபில் (அடியிலிருந்து விசிறிக் காற்று வரும் நீண்ட தொட்டியில்) இரவு முழுக்க வாடும், ரோலரில் சுருளும், தரையில் நொதிக்கும், ட்ரையரில் காயும், பிறகு சலித்துக் கொழும்பு ஏலத்துக்குப் போகும்.

இப்படிக் கொழுந்து வாங்கும் ஸ்டோருக்கு ஒரு விசேஷம் உண்டு. தூள் விற்ற பணத்தில் 100 ரூபாவுக்கு 68 ரூபா கொழுந்து கொடுத்தவருக்கு, 32 ரூபா ஸ்டோருக்கு என்ற கணக்கில்தான் கொழுந்து விலை நிர்ணயமாகிறது. ஆகவே எங்கள் மிகப்பெரிய உள்ளீட்டின் விலையில் எங்களுக்குப் பேரம் பேச அதிக இடமில்லை. விறகு, மின்சாரம், டீசல், ஆள், பை, லொறிக் கூலி, வங்கி வட்டி எல்லாம் அந்த 32க்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் இலாபம்.

தூளின் விலை குறைந்தால் 68உம் குறையும், 32உம் குறையும். அடுப்பில் மிச்சம் பிடித்துத் தூளைக் கெடுத்தால் இழப்பு ஸ்டோரோடு நிற்காமல், மலையில் கூடையோடு நிற்கிற பெண்ணின் கை வரைக்கும் போகும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது "அதே அளவு உற்பத்திக்கு" என்ற மூன்று சொற்களைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். பாடப் புத்தகத்தில் சமவுற்பத்தி வளையியின் பொருளே அதுதான்: அளவும் தரமும் மாறாமல், சேர்மானம் மட்டும் மாறுவது. தரம் இறங்கினால் நீங்கள் வேறொரு வளையிக்கு இறங்கிவிட்டீர்கள். அதைச் செலவுக் குறைப்பு என்று சொல்ல முடியாது.

கட்டையை நிறுத்துப் பார்த்தோம்

முன்பெல்லாம் எங்களுக்கு விறகு வந்தது யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மரத்திலிருந்து. பால் ஓய்ந்த மரங்களைத் தறித்து, காயவைத்து, லொறியில் ஏற்றி மலையேற்றுவார்கள். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் 26இல் அது 460 ரூபா. ஜூன் 28இலிருந்து சில நாட்களுக்கு அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தூரத்து விறகு விலையேறியதோடு வரத்தும் சுருங்கியது. பக்கத்து மலையில் புதிதாகத் தறித்த சவுக்கு, டர்பன்டைன் மரங்கள் கிட்டத்தில் கிடைத்தன. கிட்டத்து விறகு ஈரம், தூரத்து விறகு காய்ந்தது.

நான் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. புது லொறியிலிருந்து நாலைந்து கட்டைகளில் வட்டு வட்டாக அறுத்து எடுத்தோம். தூள் சாம்பிள் நிறுக்கும் தராசில் ஒரு கிலோ வரும்வரை வைத்து நிறுத்தோம். ட்ரையரின் மேல்பக்கம் வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள் கிடத்தினோம். எடை இறங்குவது நின்ற பிறகு மறுபடி நிறுத்தால் 550 கிராம். அதாவது கிலோவுக்கு 450 கிராம் தண்ணீர். பத்துத் தொன் லொறியில் நாலரைத் தொன் தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. தண்ணீருக்கும் விலை கொடுத்தோம், லொறிக் கூலியும் கொடுத்தோம்.

மீதிக் கணக்கு விஞ்ஞானப் பாடம். முற்றாக உலர்ந்த மரம் எந்தச் சாதியானாலும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 18.5 மெகாயூல் வெப்பம் தரும். அதிலுள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க ஏறத்தாழ 2.44 மெகாயூல் வீணாகும். 45 வீதம் ஈரமுள்ள எங்கள் கட்டை ஒரு கிலோவுக்குத் தருவது 9.1 மெகாயூல். 20 வீதம் ஈரத்துக்குக் காய்ந்த இறப்பர் விறகு தருவது 14.3.

இப்போது விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 ரூபா விறகில் ஒரு ரூபாவுக்கு 1.19 மெகாயூல். 8 ரூபா விறகில் ஒரு ரூபாவுக்கு 1.14. மலிவு என்று நினைத்த விறகுதான் விலை கூடியது. வெப்பத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஈரக் கட்டைக்கு ஏழரை ரூபாவுக்கு மேல் கொடுக்க முடியாது.

இந்தத் தாளை முதலாளியிடம் காட்டியபோது அவர் இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு விறகுக்காரரைக் கூப்பிட்டு வட்டுகளையும் தராசையும் காட்டினார். பேரம் கிலோ 7 ரூபாவில் முடிந்தது. விறகுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் கிலோக் கணக்கில் விற்றுப் பழகியவர், அவ்வளவுதான். கனஅளவில் அடுக்கி அளந்து வாங்குகிற ஸ்டோர்களில் தண்ணீருக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வளைந்த கொப்புகளை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றுக்கு விலை கொடுப்பீர்கள். எந்த அலகில் வாங்குகிறோம் என்பது ஒரு தனித் தெரிவு. விலைப் பட்டியலில் அது தெரியாது.

காகிதம் சொன்னதும் அடுப்பு சொன்னதும்

இங்கே ஒரு இடத்தில் நான் பிழைவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

7 ரூபாவுக்கு வாங்கிய ஈர விறகை அப்படியே எரித்தால் ஒரு ரூபாவுக்கு 1.3 மெகாயூல் என்று என் தாள் சொன்னது. காய்ந்த விறகைவிட அது கூட. "அப்படியென்றால் ஈரமாகவே எரிப்போமே" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் என்னை மறுத்துப் பேசவில்லை. அடுப்பின் கதவைத் திறந்து, "வந்து பாருங்க தம்பி" என்றார்.

உள்ளே போட்ட கட்டையின் இரண்டு முனையிலும் வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது. சீறுகிற சத்தம். சுவாலை மஞ்சளாக இல்லை, மங்கிய சிவப்பு. சூடு இறங்குகிறது என்று இன்னும் கட்டை போட வேண்டும். கட்டை போடக் கதவைத் திறந்தால் குளிர்காற்று புகும். புகைபோக்கியில் கறுப்புப் புகை. அந்தப் புகையில் போவது எரியாத விறகு. ட்ரையருக்குள் போகும் காற்று 90 பாகை செல்சியஸுக்கு மேலே ஒரே சீராக நிற்க வேண்டும். அன்று காலை அது ஏறியிறங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ட்ரையர் சூடு ஆடினால் தூளில் ஈரம் 3 வீதத்தில் நிற்காது. ஈரம் கூடிய தூள் பையில் கிடந்து மணம் போகும். சுவைபார்ப்பவர் ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் ஸ்டோரில் ஒரு கிலோ தூளுக்குக் காய்ந்த விறகு ஒன்றரைக் கிலோ வரை போகும். 12 ரூபாப்படி 18 ரூபா. தூளின் விலையைக் கணக்குக்காக 1,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் நூற்றுக்கு இரண்டு இறங்கினால் 20 ரூபா போச்சு. விறகை முழுக்க இலவசமாகத் தந்தால்கூட அந்த நட்டம் அடைபடாது.

என் தாளில் வெப்பம் ஒரு தனி உள்ளீடாக இருந்தது. அடுப்பில் அப்படியில்லை. வெப்பம் கொழுந்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஒரு உள்ளீட்டின் எல்லை உற்பத்தியை (கடைசியாகச் சேர்த்த ஓர் அலகு கொண்டுவரும் கூடுதல் உற்பத்தியை) மற்ற உள்ளீடுகள் இருக்கிற நிலையில் வைத்துத்தான் அளக்க முடியும் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எனக்கு ஐம்பது வயது தாண்டிய, ஏழாம் வகுப்போடு நிறுத்திய ஒருவர் அடுப்புக் கதவைத் திறந்து கற்றுத் தந்தார். அவருக்கு நான் கடன்பட்டவன்.

கோடரியும் வட்டியும்

ஆகவே ஈர விறகை வாங்கி நாமே காயவைப்பது என்று முடிவானது. எவ்வளவு காலம் காயவைப்பது? இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழுக் கட்டையாக அடுக்கினால் எங்கள் மழைக்காட்டுக் குளிரில், கூரையின் கீழ்கூட, ஆறு மாதம் வேண்டும். கோடரியால் பிளந்து காற்றோட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால் இரண்டு மாதத்தில் ஆகிவிடும். பிளக்க ஆள் வேண்டும். பிளக்காமல் வைத்தால் காலம் வேண்டும். காலம் என்றால் பணம் விறகாக முற்றத்தில் கிடப்பது, அந்தப் பணத்துக்கு வங்கி வட்டி ஓடுவது. ஒரு பக்கம் உழைப்பு, மறுபக்கம் மூலதனம். ஒன்றுக்குப் பதில் மற்றது.

60 தொன் விறகை எடுத்துக்கொள்வோம். தொன் 7,000 ரூபாப்படி 420,000 ரூபா. பிளந்தால் நாலு மாதம் மிச்சம். ஒருவர் ஒரு நாளில் இரண்டரைத் தொன் பிளப்பார் என்று வைத்தால் 24 பேர் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பேர் என்றால் ஒருவரின் ஒரு நாள் வேலை. 2021 மார்ச்சிலிருந்து தேயிலைத் தொழிலின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் 1,150. ஆக 24 பேருக்கு 27,600 ரூபா.

வட்டி 10 வீதமாக இருந்த காலத்தில் நாலு மாதத்தை மிச்சம் பிடிப்பதால் கிடைப்பது 14,000 ரூபா. 27,600 செலவழித்து 14,000 மிச்சம் பிடிக்க யாரும் போகமாட்டார்கள். முழுக் கட்டையாக அடுக்கி விடுவார்கள். பழைய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள், அது சோம்பல் இல்லை, சரியான கணக்கு.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த வருடம் முடிவதற்குள் 91 நாள் திறைசேரி உண்டியலின், அதாவது அரசாங்கமே வாங்கும் குறுங்காலக் கடனின், வட்டியே 30 வீதத்தைத் தாண்டியது. ஸ்டோரின் வங்கிக் கடனும் அதன் பின்னாலேயே ஓடியது. 30 வீத வட்டியில் அதே நாலு மாதத்தின் விலை 42,000 ரூபா. இப்போது 27,600 கொடுத்துப் பிளப்பதுதான் மலிவு.

விறகு அதே விறகு, கோடரி அதே கோடரி, சம்பளமும் மாறவில்லை. மாறியது இரண்டு விலைகளின் விகிதம் மட்டும். சமசெலவுக் கோட்டின் சரிவு மாறினால் அது வளையியைத் தொடும் புள்ளி நகரும் என்று படித்தது இதைத்தான். எங்கள் புள்ளி, முற்றத்துக் கட்டை அடுக்கிலிருந்து கோடரிக்கு நகர்ந்தது. விதியைச் சொல்லால் சொன்னால் இப்படி: ஒவ்வொரு உள்ளீட்டிலும் நீங்கள் கடைசியாகப் போட்ட ரூபா ஒரே அளவு உற்பத்தியைக் கொண்டுவருகிற வரைக்கும், குறைவாகக் கொண்டுவருகிற இடத்திலிருந்து எடுத்து, கூடுதலாகக் கொண்டுவருகிற இடத்தில் போடுங்கள். நாங்கள் வங்கிக்குக் கொடுக்கவிருந்த ரூபாவை எடுத்து விறகு பிளந்தவர்களின் கையில் கொடுத்தோம். அன்றைய நிலையில் அந்தப் பணம் நாலு வீட்டுக்கு அரிசியாகப் போனது என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. கணக்கும் அதையே சொன்னது என்பதில் இன்னும் சந்தோஷம்.

பிளந்து இரண்டு மாதம் காய்ந்த விறகு, வட்டியும் கூலியும் சேர்த்து, காய்ந்த எடையில் கிலோ 11 ரூபா 36 சதத்துக்கு வந்தது. யட்டியாந்தோட்டை விலையான 12ஐ விடக் கொஞ்சம் குறைவு. பெரிய இலாபம் இல்லை. ஆனால் கிடைக்காத விறகுக்காகக் காத்திருக்காமல் அடுப்பு எரிந்தது.

மின்வெட்டு இரவுகள்

மின்சாரம் வேறு மாதிரி. அங்கே பதிலீடு செய்யவே முடியாத நேரங்கள் உண்டு.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ட்ரஃபில் கொழுந்து விரித்தாயிற்று, அடியில் மின்விசிறி நின்றுவிட்டது. வாடிக்கொண்டிருக்கும் கொழுந்து காற்றில்லாமல் கிடந்தால் தானே சூடேறிச் சிவக்கும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தெரியும். அந்த வெதுவெதுப்பு தெரிந்தால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஜெனரேட்டர் ஒரு லீற்றர் டீசலுக்கு ஏறத்தாழ 3 அலகு மின்சாரம் தரும். ஜூன் கடைசியில் வந்த 460 ரூபா டீசல் விலையில் வைத்தால் ஒரு அலகு 150 ரூபாவுக்கு மேல். மின்சார சபையின் கட்டணத்தோடு வைத்துப் பார்க்கவே முடியாத விலை. ஆனாலும் ஓட்டினோம். ஒரு ட்ரஃபின் விசிறி 5.5 கிலோவாற்று. நாலு மணித்தியாலத்துக்கு 22 அலகு, ஏறத்தாழ 3,400 ரூபா. அந்த ட்ரஃபில் 800 கிலோ கொழுந்து, அதாவது 178 கிலோ தூள், முன்பு வைத்த விலையில் 178,000 ரூபா. தரம் நூற்றுக்கு இரண்டு இறங்கினாலே டீசல் காசு போய்விடும். விசிறி நின்றால் இறங்குவது இரண்டோடு நிற்காது.

ரோலருக்கு மட்டும் ஜெனரேட்டர் கொடுக்கவில்லை. வாடலை மெதுவாக்கியோ விரைவாக்கியோ ரோலர் வேலையை மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு நகர்த்தலாம். ஆட்கள் நள்ளிரவில் வந்து விடியும்வரை நின்றார்கள். புதிதாக எதையும் வாங்காமல் நேரத்தை மட்டும் மாற்றிய அந்தப் பழக்கம் மின்வெட்டு நின்ற பிறகும் கைகொடுத்தது. கைத்தொழில் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை கூடியது. 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியபோது, உச்ச நேரத்தில் ரோலரை நிறுத்திவைப்பது எங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. மோட்டார்களை ஒரே நேரத்தில் இயக்காமல் ஒவ்வொன்றாக இயக்கினால் மாதத்தின் உச்சக் கேள்விக் கட்டணமும் (ஒரே நேரத்தில் இழுத்த மிகக்கூடிய மின்சாரத்துக்கான கட்டணம்) இறங்கும். அதற்குச் செலவு சுவரில் ஒட்டிய ஒரு தாள்.

ஒரு மூடை யூரியாவும் அறுபது நடையும்

கொழுந்து தருகிறவர்களின் பக்கத்தையும் பார்க்காமல் இந்த ஆய்வு முடியாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. ஒக்டோபரில் தேயிலைக்குத் தளர்த்தி, நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் "யூரியா இல்லாவிட்டால் கூட்டெரு போடுங்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்று, சரிதான். எந்த விகிதத்தில்?

யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்றரை வீதம் இருந்தால் அதே 23 கிலோவுக்கு 1,500 கிலோவுக்கு மேல் கூட்டெரு வேண்டும். தலையில் 25 கிலோ சுமந்து ஏறினால் அறுபது நடை. எங்கள் மலையில் சில பாத்திகளுக்கு ஏறுவதற்கே மூச்சு வாங்கும். யூரியா மூடையை ஒருவர் ஒரே தடவையில் தோளில் கொண்டுபோனார். அந்தக் கூட்டெருவைச் செய்ய மாட்டெருவும் பச்சிலையும் எங்கிருந்து வரும், எத்தனை மாதம் மக்க வேண்டும், மக்கிய பிறகும் நைதரசன் மெதுவாகத்தான் இறங்கும். நான் கூட்டெருவுக்கு எதிரானவன் இல்லை. மண்ணுக்கு அது தேவை, அது செய்கிற வேலையை யூரியா செய்யாது. ஆனால் ஒரே இரவில் ஒன்றுக்குப் பதில் மற்றது என்று கட்டளையிட்டவர்கள், மலையேறும் கால்களை உள்ளீடாக எண்ணவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன். எங்கள் தராசிலும் தெரிந்தது. கொழுந்து குறைந்தாலும் உத்தியோகத்தர் சம்பளமும் உச்சக் கேள்விக் கட்டணமும் வட்டியும் குறைவதில்லை, ஒவ்வொரு கிலோ தூளும் கூடுதலாகச் சுமந்தது.

தடை நீங்கி உரம் திரும்பக் கிடைத்தபோது, கொழுந்துக் காசில் மாதாமாதம் கழித்துக்கொள்வதாகச் சொல்லி ஸ்டோர் முற்பணமாக உரம் கொடுத்தது. கையிலிருந்தது கொஞ்ச மூடைகள். கூடுதல் கொழுந்து தருகிற பெரிய தோட்டக்காரர்களுக்கு இரண்டிரண்டு மூடை கொடுப்பதா, எல்லோருக்கும் ஒவ்வொன்றா? பட்டினி கிடந்த தேயிலைக்கு முதல் மூடை கொண்டுவருவதை இரண்டாவது மூடை கொண்டுவராது. ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். கவ்வாத்து வெட்டிய (செடியைக் கத்தரித்துவிட்ட) பாத்திகளுக்கு முதலில் டொலமைட் போடச் சொன்னோம். மண்ணின் புளிப்பு அளவுக்கு மிஞ்சினால் போட்ட உரத்தைச் செடி எடுக்காது. ஆளாளுக்கு ஒரு மூடை என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு அடுத்த கவ்வாத்து வரை நீடித்தது.

சம்பளத்தின் கீழே இருக்கும் எண்

சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் விட முடியாது. என் அம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. நிதிகளின் பங்கும் சேர்த்தால் 1,552 ரூபா 50 சதம். சம்பளம் ஏறும்போதெல்லாம் செலவு தாங்காது என்ற பேச்சு வரும். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் ஒரு கிலோ கொழுந்துக்கு 86 ரூபா, ஒரு கிலோ தூளுக்கு 388 ரூபா. அதே கை, அதே எட்டு மணித்தியாலத்தில், உரம் போட்டு, புல் எடுத்து, காலம் தவறாமல் கவ்வாத்து வெட்டிய மலையில் 24 கிலோ எடுக்கும். அப்போது தூள் கிலோவுக்கு 291 ரூபா. சம்பளத்தில் ஒரு சதமும் குறையாமல் கிலோவுக்கு 97 ரூபா குறைந்துவிட்டது. சம்பளம் என்ற, மேலே இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதை வகுக்கும் எண், அதாவது எடுக்கும் கிலோ, மலையில் இருக்கிறது, அதைக் கூட்டுவது நிர்வாகத்தின் வேலை. அம்மா மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சொல்வார்: "மலை குடுத்தாத்தானே கை குடுக்கும்."

கத்தரியால் வெட்டி எடுப்பதும் இதே கணக்குக்குள்தான் வரும். கிலோ கூடும், முற்றிய இலையும் காம்பும் கூடவே வரும். சமதளமான, வேகமாகத் துளிர்க்கிற மலையில் அது சரியாக இருக்கும். நல்ல விலை கிடைக்கும் காலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் எடுப்பதே ஒரு ரூபாவுக்குக் கூடுதலாகக் கொண்டுவரும்.

இப்போது

2024 நவம்பரில் மத்திய வங்கியின் கொள்கை வட்டி 8 வீதமாக இறங்கிவிட்டது. எங்கள் கடன் வட்டி 12 வீதம் என்று வைத்தால் 60 தொன் விறகுக்கு நாலு மாதத்தின் விலை 16,800 ரூபா. 24 பேருக்கு 2024 செப்டெம்பர் சம்பளப்படி 37,260 ரூபா. 2022இல் எங்களைக் காப்பாற்றிய கோடரி இன்று விலை கூடியது. புள்ளி மறுபக்கம் நகர்ந்துவிட்டது. முழுக் கட்டையாக ஆறு மாதம் அடுக்குவதே மலிவு. அதற்குக் கூரையும் இடமும் வேண்டும்.

விறகு பிளக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று முதலாளி சொல்கிறார். நான் இரண்டு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன்: ஒன்றில் மெஷின், மற்றதில் பழைய சலிப்பறைக்குப் பக்கத்தில் நீட்டிக் கட்டும் தகரக் கொட்டகை. மெஷின் தாளில் விலை, பெற்றோல், பழுது எல்லாம் எழுதியாயிற்று. கொட்டகைத் தாளில் ஒரு வரி இன்னும் நிரப்பவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குமான வெயிலில் முழுக் கட்டை ஆறு மாதத்துக்கு முன்பே காய்ந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். போன மாதம் சவுக்குக் கட்டையில் பத்து வட்டு அறுத்து, ஒவ்வொன்றிலும் எடையைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, கூரையின் கீழே வரிசையாக வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் பெரியவரும் நானும் அவற்றை நிறுக்கிறோம். அவர் நிறுப்பதற்கு முன்பே தட்டிப் பார்த்து எடையைச் சொல்லிவிடுகிறார். இதுவரை ஐம்பது கிராமுக்கு மேல் தவறவில்லை.